கரண்ட் வந்தது, தறி ஓடவில்லை, மீட்டர் மட்டும் ஏறியது

அம்மாப்பேட்டையில் ஒரு கையடக்க ஒலிமானியைக் கணினியோடு இணைத்த நிகழ்வு ஆய்வு

சேலம் அம்மாப்பேட்டையில் நாங்கள் குடியிருக்கும் சந்தில் ஆறு விசைத்தறி ஓடும் பட்டறை ஒன்று இருக்கிறது. பட்டறைச் சுவருக்கும் பக்கத்து வீட்டுச் சுவருக்கும் நடுவே ஒரு முழம்தான் இடைவெளி. அந்த வீட்டில் இருப்பவர் பணி ஓய்வு பெற்ற ஆசிரியை. சந்தே அவரை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடும். பட்டறைக்காரர் எல்லோருக்கும் அண்ணன். பல வருடப் பழக்கம், ஒரு வீட்டுப் பலகாரம் இன்னொரு வீட்டுக்குப் போகும். பகல் ஷிப்டோடு நின்ற தறி ராத்திரியும் ஓட ஆரம்பித்த பிறகுதான் பேச்சு குறைந்தது.

டீச்சரம்மா தன் போனில் ஓர் ஆப் வைத்துச் சத்தத்தை அளந்தார், 70 டெசிபல் காட்டியது. அண்ணன் தன் போனில் அதே ஜன்னல் ஓரத்தில் அளந்தார்; 48 காட்டியது. இருவருமே பொய் சொல்லவில்லை. போன் மைக் பேச்சுக்காகச் செய்தது. அதற்குள் சத்தத்தைத் தானாகக் குறைத்துக் கூட்டும் ஏற்பாடு இருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும். அந்த எண்ணை யாரும் எந்த அளவுகோலோடும் ஒப்பிட்டுச் சரிபார்த்ததில்லை.

நான் வீட்டில் எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் பார்க்கிறவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனே வந்தார். “தம்பி, நீ ஒரு மிஷின் வச்சு அளந்து சொல்லிடு. நீ சொல்ற நம்பரை நான் ஏத்துக்கறேன். டீச்சரம்மாவும் ஏத்துக்கறேன்னு சொல்லிட்டாங்க.” அந்த நம்பிக்கைக்குத் தகுந்த மாதிரி வேலை செய்ய வேண்டும் என்ற பயம் எனக்கு அன்றைக்கே வந்துவிட்டது.

ஒரு நொடி அளவு ஏன் போதாது

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரம்பு இருக்கிறது. தொழில் பகுதிக்கு 75, 70. இரவு என்றால் 10 மணி முதல் காலை 6 மணி வரை. வரம்பைவிட 10 டெசிபல் அல்லது அதற்கு மேல் போனால் புகார் கொடுக்கலாம் என்றும் அதே விதி சொல்கிறது. பலரும் கவனிக்காத விஷயம், இந்த எண்கள் எதுவும் ஒரு நொடியின் அளவு அல்ல. முழு நேரத்துக்குமான ஒலி ஆற்றலின் சராசரி. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து எல்இக்யூ என்பார்கள்.

டெசிபல் மடக்கைக் கணக்கு என்பதால் எண்களை அப்படியே கூட்டி வகுக்கக் கூடாது. அரை மணி நேரம் 50, அடுத்த அரை மணி நேரம் 60 என்றால் சராசரி 55 இல்லை, 57.4. ஒரு மணி நேரத்தில் 59 நிமிடம் 45-இல் அமைதியாக இருந்து, ஒரே ஒரு நிமிடம் 80-க்குப் போனால் அந்த மணி நேரத்தின் எல்இக்யூ 62 தாண்டும். ஆகவே மீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு ‘இப்போ இவ்வளவு’ என்று சொல்வதால் இந்த வழக்கு தீராது. விடிய விடிய, நொடிக்குப் பல முறை அளந்து நேரத்தோடு எழுதிவைக்க வேண்டும். அதற்குத்தான் கணினி.

என்னிடம் இருந்தது பழைய சாமான் கடையில் வாங்கிய ஒலிமானி, அதாவது சத்தத்தை அளக்கும் மீட்டர். 9 வோல்ட் சதுர பேட்டரி, மூன்றரை இலக்கத் திரை, ஏ, சி என்ற இரண்டு வடிகட்டிகளில் ஒன்றைத் தேர்வு செய்யும் சுவிட்ச் (ஏ வடிகட்டி, காதைப் போலவே தாழ்ந்த ஒலிகளைக் குறைத்து எடுக்கும்), எண் வேகமாக மாற வேண்டுமா மெதுவாகவா என்ற பாஸ்ட்-ஸ்லோ தேர்வு, இரண்டு ரேஞ்ச். அளவைக் கம்பி வழியாக வெளியே எடுக்க எந்த ஓட்டையும் கிடையாது. யூஎஸ்பி வைத்தே விற்கும் மீட்டர்கள் உண்டு, வாங்க முடிந்தவர்கள் அதையே வாங்கலாம். என் கையில் இருந்தது இது. ஒரு கல்லூரி ஆய்வகத்தில் தெரிந்தவரிடம் 94 டெசிபல், 1000 ஹெர்ட்ஸ் காலிபரேட்டரை (மீட்டரைச் சரிபார்க்க, மாறாத ஒரே அளவில் ஒலி தரும் கருவி) இரவல் வாங்கி மைக்கில் மாட்டினேன். 93.2 காட்டியது. உள்ளே இருந்த சின்ன ட்ரிம்மரைத் திருப்பி 94.0-க்குக் கொண்டுவந்தேன்.

எங்கே தொடுவது

இந்த வேலையின் உயிரே இதுதான். மைக்கில் இருந்து வருவது மில்லிவோல்ட்டில் சின்னப் பகுதி. அங்கே கம்பி சேர்த்தால் மீட்டரையே கெடுத்துவிடுவோம். திரைக்குப் போகும் டிஜிட்டல் கோடுகளைப் படிக்கலாம், ஆனால் திரை நொடிக்கு மூன்று தடவைக்குள்தான் மாறும். இரண்டுக்கும் நடுவில், ஏ வடிகட்டி தாண்டி, அலையின் ஆற்றலுக்கு ஈடான அளவை (ஆர்எம்எஸ்) எடுத்து, மடக்கையாக மாறிய டிசி வோல்ட்டேஜ் ஓர் இடத்தில் கட்டாயம் இருக்கும். அதைத் தேடினேன்.

போர்டில் இருந்த பெரிய 40 கால் ஐசி, ஐசிஎல் 7106. வோல்ட்டேஜை அளந்து திரையில் எண்ணாகக் காட்டுவது, மல்டிமீட்டர்களில் பல காலமாக இருக்கும் அதே சிப். அதன் 31-ஆம் கால் உள்ளீடு, 32-ஆம் கால் காமன், அதாவது சிக்னலை எதிலிருந்து அளக்கிறதோ அந்தப் பொதுப் புள்ளி. 31-இல் இருந்து பின்னோக்கிப் பாதையைத் தொடர்ந்தால் 9 கிலோ ஓம், 1 கிலோ ஓம் என இரண்டு ரெசிஸ்டர் கொண்ட, வோல்ட்டேஜைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கும் பிரிப்பான் தெரிந்தது. அதற்கு முந்தைய முனையில் மல்டிமீட்டரின் ஒரு கம்பி, காமனில் இன்னொன்று. திரையில் 62.3, மல்டிமீட்டரில் 0.623 வோல்ட். கை தட்டினேன்; இரண்டும் சேர்ந்தே ஏறின. டெசிபலுக்கு 10 மில்லிவோல்ட். அவுட்புட் ஜாக் வைத்து விற்கும் மீட்டர்கள் பலவும் வெளியே தருவது இதே கணக்கைத்தான். இந்த மீட்டரில் சிக்னல் தயாராக இருந்தது, ஜாக் மட்டும்தான் வைக்கவில்லை.

இங்கே ஒரு குழி இருக்கிறது, நிறைய பேர் விழுவார்கள். காமன் என்பது பேட்டரியின் மைனஸ் அல்ல. 7106-இல் அது பேட்டரி பிளஸ்ஸுக்கு ஏறக்குறைய 2.8 வோல்ட் கீழே நிற்கும். அதாவது மைனஸில் இருந்து 6 வோல்ட்டுக்கு மேலே. பேட்டரி மைனஸைத் தரையாக எடுத்துக்கொண்டு சிக்னலை, அளவைப் படித்துக் கணினிக்கு அனுப்பும் 5 வோல்ட் பதிவுப் போர்டில் கொடுத்தால் போர்டின் உள்ளீடு போய்விடும். அதே காரணத்தால் மீட்டருக்கும் பதிவுப் போர்டுக்கும் ஒரே பேட்டரி போடவும் முடியாது. போர்டின் தரையைக் காமனில் சேர்த்து, இரண்டுக்கும் தனித்தனி மின்சாரம் கொடுக்க வேண்டும்.

பதிவுப் போர்டு, ஆர்டுயினோ நானோ; நிரல் எழுதி ஓட்டக்கூடிய சின்னப் போர்டு. அந்த முனையில் நேராக இழுத்தால் பிரிப்பானின் கணக்கு மாறலாம் என்பதால், 10 கிலோ ஓம் வழியாக எல்எம் 358 என்ற இரட்டை ஆம்ப்ளிஃபையர் ஐசியின் ஒரு பாதிக்குக் கொடுத்து, அதன் வெளியீட்டை நானோவுக்கு விட்டேன். நானோவின் அளவீடு 1024 படி. 5 வோல்ட்டை அளவுகோலாக வைத்தால் ஒரு படி ஏறக்குறைய 4.9 மில்லிவோல்ட், அதாவது அரை டெசிபல்; போதாது. சிப்புக்குள்ளேயே இருக்கும் 1.1 வோல்ட் ரெபரன்ஸுக்கு மாற்றினால் ஒரு படி ஒரு மில்லிவோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல், 0.1 டெசிபல் அளவுக்கு வந்துவிடும். கீழ் ரேஞ்ச் 100 டெசிபலோடு முடிவதால் 1 வோல்ட்டைத் தாண்டப் போவதும் இல்லை. ஆனால் அந்த 1.1 என்பது பேருக்குத்தான். சிப்புக்குச் சிப் 1.0-இல் இருந்து 1.2 வரை இருக்கலாம். காலிபரேட்டரில் 94.0 காட்டியபோது கணக்குப்படி 875 வர வேண்டும், எனக்கு 861 வந்தது. என் சிப்பின் உண்மையான ரெபரன்ஸ் 1.118 வோல்ட். அந்த எண்ணைத்தான் நிரலில் எழுதினேன்.

ஓட்டை போடும்போது போர்டை முழுவதும் வெளியே எடுத்துவிட்டு, மைக்கை டேப் ஒட்டி மூடி, பேட்டரி அறைப் பக்கம் கை டிரில்லால் மெதுவாகத் துளைத்தேன். பிளாஸ்டிக் தூளும் சாலிடர் புகையும் மைக்கின் வாய்க்குள் போனால் அந்த மைக் அதோடு சரி.

நிரலில் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று. நொடிக்கு எட்டு முறை படிக்கிறேன். பாஸ்ட் அமைப்பின் காலமாறிலி, அதாவது சத்தம் மாறினால் மீட்டர் அதைப் பின்தொடர எடுக்கும் நேரம், 125 மில்லிநொடி என்பதால் அது போதும். படித்த ஒவ்வொன்றையும் முதலில் ஆற்றலாக மாற்றிய பிறகுதான் சராசரி எடுக்கிறேன். வோல்ட்டேஜையே சராசரி எடுத்தால் டெசிபலைச் சராசரி எடுத்த மாதிரி ஆகிவிடும். எண் ஆடாமல் இருக்கட்டும் என்று அந்த முனையில் பெரிய கெப்பாசிட்டர் போடுவதும் அதே தப்புத்தான். தறி மாதிரி அடித்து அடித்து வரும் சத்தத்தில் விடை நிஜத்தைவிடக் கீழேயே வரும், பட்டறைக்காரருக்குச் சாதகமாக. கணினியில் ஒரு சின்ன பைத்தான் நிரல், நொடிக்கு ஒரு வரி வீதம் நேரத்தோடு கோப்பில் எழுதும்.

மேசையில் ஒரு ஸ்பீக்கரை வைத்து 40, 55, 70, 85 என்று இரைச்சலை ஏற்றி, திரையையும் கணினியையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தேன். எங்கும் 0.2-க்கு மேல் வித்தியாசம் இல்லை. வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

இரண்டு மணி பத்து

முதல் இரவு வீணாகப் போனது. ஆடி மாசம். சேலத்தில் ஆடி என்றால் மாரியம்மன் கோயில் ஒவ்வொன்றிலும் மைக் செட் இருக்கும். ராத்திரி பதினொன்றே முக்கால் வரை பதிவானது அம்மன் பாட்டு. நொடி நொடியாக நேரம் எழுதியிருந்ததால் அது எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று தெரிந்தது, ஆனால் அந்த இரவைக் கணக்கில் எடுக்க மனசு ஒப்பவில்லை. விழா ஓய்ந்த பிறகு மறுபடி வைத்தேன்.

டீச்சரம்மாவின் படுக்கையறை ஜன்னல் சந்துப் பக்கம் இருந்தது. அதற்கு வெளியே ஒரு மீட்டர் தள்ளி ஸ்டாண்டில் மீட்டர், மைக்கில் காற்றுக்கான பஞ்சுப் பந்து, பக்கத்திலேயே நானோ. யூஎஸ்பி கம்பி ஜன்னல் வழியாக ஹாலுக்கு வந்து லேப்டாப்பில். லேப்டாப்பின் பேட்டரி பழசு என்பதால் சார்ஜர் போட்டே வைத்திருந்தேன். நான் ஹாலில் பாயில். டீச்சரம்மா பிளாஸ்கில் காபி வைத்துவிட்டுப் படுத்துவிட்டார்.

திரையில் எண்கள் 57, 59, 58 என்று ஓடிக்கொண்டிருந்தன. இரண்டு மணி பத்துக்குக் கரண்ட் போனது.

ஆறு தறியும், ஊடை நூலைக் குறுக்கே கொண்டு போகும் நாடா பாதி வழியில் இருக்கும்போதே நின்றன. காதுக்குள் ஏதோ கழன்று விழுந்த மாதிரி இருந்தது. தூரத்தில் நாய் குரைப்பும், டீச்சரம்மா மூச்சு விடுவதும் கேட்டன. லேப்டாப் தன் பேட்டரியில் ஓடியது, திரையில் 38. எழுந்து உட்கார்ந்துகொண்டேன். எவ்வளவு பணம் கொடுத்தாலும் கிடைக்காத அளவு அது: தறி இல்லாமல் இந்தச் சந்து எப்படி இருக்கும் என்பதன் அளவு. பதினேழு நிமிடம் 37-க்கும் 39-க்கும் நடுவிலேயே இருந்தது.

அப்புறம் கரண்ட் வந்தது. தெருவிளக்கு எரிந்தது. தறி ஓடவில்லை. கரண்ட் போனதும் ராத்திரி ஷிப்டில் தறி ஓட்டும் தறிக்காரர் மோட்டார் சுவிட்சுகளை அணைத்துவிடுவார். வந்த பிறகு ஊடை அறுந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் கைப்பிடியைத் தள்ளுவார். அவர் வெளித் திண்ணையில் இருந்து இன்னும் எழுந்திருக்கவே இல்லை. ஆனால் திரையில் எண் 38-இல் இருந்து ஒரே தாவாக 47-க்குப் போய் அங்கேயே நின்றது.

வெளியே எட்டிப் பார்த்தேன். மின்விசிறி இல்லை, மோட்டார் இல்லை, மைக் செட் இல்லை. காது அமைதி என்கிறது, மீட்டர் 47 என்கிறது. ஒன்பது டெசிபல் என்றால் ஆற்றலில் எட்டு மடங்கு. ஒரு நிமிடம் எனக்கு மூளையே ஓடவில்லை. பிறகு லேப்டாப் மூடியின் உலோக விளிம்பில் புறங்கை பட்டது. சுருசுரு என்றது. எல்லோருக்கும் தெரிந்த அந்தச் சுருசுரு. சார்ஜரைப் பிடுங்கினேன். 38. செருகினேன். 47. பிடுங்கினேன். 38.

காரணம் இது. இரண்டு கால் பிளக் உள்ள சார்ஜருக்குள் மின்னிரைச்சலை அடக்கச் சின்னக் கெப்பாசிட்டர் ஒன்று இருக்கும். அதன் வழியாகக் கொஞ்சம் கரண்ட் கசிந்து, லேப்டாப்பின் தரையே பூமியைவிட வோல்ட்டேஜ் ஏறி மிதக்கும். யூஎஸ்பி தரை வழியாக அது நானோவுக்கும், அங்கிருந்து காமனுக்கும், மீட்டர் முழுமைக்கும் போய்ச் சேர்ந்தது. பேட்டரியில் தனியாக இருக்கும்வரை சுத்தமாக இருந்த மீட்டர், கணினியோடு கைகோத்ததும் அசுத்தமானது. ஏ வடிகட்டி 50 ஹெர்ட்ஸை 30 டெசிபல் குறைக்குமே என்று முதலில் எனக்கும் தோன்றியது. கசிவில் 50 ஹெர்ட்ஸ் மட்டும் இருந்தால் அது சரி; அதன் மடங்குகளும் சேர்ந்தே வருகின்றன, அவற்றை அந்த வடிகட்டி அவ்வளவு குறைக்காது.

மேசைச் சோதனையில் இது ஏன் தெரியவில்லை? அன்றைக்கு லேப்டாப் பேட்டரியில் ஓடியது. அதோடு, திரையும் கணினியும் ஒத்துப்போவதை மட்டும்தான் சோதித்தேன். இரண்டும் சேர்ந்தே தப்புச் சொன்னால்? இங்கே நடந்தது அதுதான். மீட்டரின் திரையிலும் 47-தான் இருந்தது.

கம்பியை அறுப்பது

கணினிக்கும் மீட்டருக்கும் நடுவே மின்தொடர்பே இருக்கக் கூடாது, வெளிச்சத்தால் மட்டும் பேச வேண்டும். பிசி 817 ஆப்டோகப்ளர், கடையில் சில்லறை விலைக்குக் கிடைப்பது. உள்ளே ஒரு எல்இடியும் அதைப் பார்க்கும் ஒரு டிரான்சிஸ்டரும். நானோவின் 5 வோல்ட்டில் இருந்து 1 கிலோ ஓம், எல்இடி, அங்கிருந்து தகவல் அனுப்பும் டிஎக்ஸ் கால். மறுபக்கம், அந்தத் தகவலைக் கணினிக்கு யூஎஸ்பி வழியாகக் கொடுக்கத் தனியாக ஒரு யூஎஸ்பி சீரியல் மாற்றி. அதன் தகவல் வாங்கும் ஆர்எக்ஸ் காலில் டிரான்சிஸ்டரும், சும்மா இருக்கும்போது அந்தக் காலை மேல் வோல்ட்டேஜில் நிறுத்தும் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரும். இந்த ஐசி வேகமானது இல்லை, அதனால் தகவல் அனுப்பும் வேகத்தை நொடிக்கு 2400 பிட்டுக்குக் குறைத்தேன். நொடிக்கு ஒரு வரிக்கு அது தாராளம்.

நானோவுக்கு முதலில் பவர் பேங்க் கொடுத்தேன். இருபது நிமிடத்தில் நின்றுவிட்டது. இழுக்கும் கரண்ட் குறைவு என்பதால் போன் சார்ஜ் ஏறி முடிந்துவிட்டது என்று பவர் பேங்க் நினைத்துக்கொண்டு தானாக அணைந்துவிடும். ஆறு பென்சில் செல்லை ஒரு ஹோல்டரில் போட்டு நானோவின் மின்சாரம் வாங்கும் விஐஎன் காலில் கொடுத்தேன், பிரச்சினை தீர்ந்தது. மீட்டரின் 9 வோல்ட் பேட்டரியை இரவுக்கு ஒன்று புதிதாகப் போட்டேன். அது 7 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் காமன் நிலை தடுமாறி, எண்கள் மெதுவாக நகர ஆரம்பிக்கும். நகர்வது வெளியே தெரியாது.

மறுபடி சார்ஜரைச் செருகினேன், பிடுங்கினேன். எண் அசையவில்லை.

கிடைத்த எண்கள்

பத்து மணி முதல் ஆறு மணி வரை, ஆறு தறியும் ஓடிய இரவின் எல்இக்யூ 57.8. கசிவோடு எடுத்த இரவில் 58.2 வந்திருந்தது. சத்தம் பெரிதாக இருக்கும்போது கசிவு அதற்குள் ஒளிந்துகொள்கிறது, அரை டெசிபல்கூட மாற்றவில்லை. தறி நின்ற நேரத்தில்தான் ஒன்பது டெசிபல் பொய் சொன்னது. கரண்ட் போகாமல் இருந்திருந்தால், பிறகு தறியை நிறுத்தி அளந்தபோதும் சார்ஜரோடு 47-தான் வந்திருக்கும்; “தறி இல்லாமலே இந்தச் சந்து 47, வரம்பு 45, அப்புறம் என் மேல் என்ன தப்பு?” என்று அண்ணன் கேட்டிருப்பார். என் மீட்டரே அதற்குச் சாட்சி சொல்லியிருக்கும். அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பதறுகிறது.

57.8 என்பது வரம்பைவிட 12.8 அதிகம், புகாருக்கான 10-ஐத் தாண்டியது. என் மீட்டரின் துல்லியம் ஒன்றரை டெசிபல் முன்பின் என்று வைத்தாலும் தாண்டியதுதான். இது அதிகாரிகளின் சான்று பெற்ற கருவி இல்லை, வழக்குமன்றத்தில் நிற்காது என்பதை இருவரிடமும் முதலிலேயே சொல்லிவிட்டேன். டீச்சரம்மா, “எனக்குக் கேஸ் வேண்டாம்பா. தூக்கம்தான் வேணும்” என்றார்.

சத்தம் எந்த வழியாக வருகிறது என்று மீட்டரைப் பட்டறையைச் சுற்றி நகர்த்திப் பார்த்தோம். சந்துப் பக்கம் இருக்கும் வெண்டிலேட்டர் ஓரத்தில் அதிகம். அதை அடைத்தால் உள்ளே வேக்காடு தாங்காது. இரண்டு மடிப்பாக வளைந்து போகும் மரப்பெட்டி ஒன்று செய்து மாட்டலாம். காற்று வளைந்து வரும், சத்தம் மோதிக் குறையும். உள்ளே கழிவுப் பஞ்சை வைக்கலாம் என்றார் அண்ணன், அது பட்டறையில் நிறையவே கிடக்கிறது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. மோட்டார் ஓடும் இடத்தில் பஞ்சுப் பெட்டி வைப்பது தீப்பெட்டி வைப்பது மாதிரி. தீப்பிடிக்காத ராக்வுல் என்ற கல் இழைப் பஞ்சு வாங்கினோம். தறிக் கால்களுக்கு அடியில் பழைய கன்வேயர் பெல்ட் துண்டுகள் போட்டோம்.

அதற்குப் பிறகு எடுத்த இரவில் 49.3. சுவரோரத் தறி இரண்டையும் பத்து மணிக்கு மேல் நிறுத்திய இரவில் 46.1. வரம்புக்கு இன்னும் ஒரு டெசிபல் மேலேதான் இருக்கிறது. டீச்சரம்மா தூங்குகிறார். அந்த இரண்டு தறியும் பத்து மணிக்கு நின்றுவிடுகின்றன.

பட்டறைக்குள் ஒரு அளவு

வெளியே நகர்த்திக்கொண்டிருந்தபோது ராத்திரி ஷிப்ட் தறிக்காரர் கூப்பிட்டார். கத்தித்தான் கூப்பிட்டார், உள்ளே வேறு வழி இல்லை. “தம்பி, இத இங்க ஒரு தரம் பிடிங்க.” அவர் காதோரம் பிடித்தேன். 96.

நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகளில் எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல்தான் எல்லை. ஒவ்வொரு 5 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், 95 என்றால் நாலு மணி நேரம். 96-க்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய மூன்றரை மணி. அவர் நிற்பது பன்னிரண்டு மணி நேரம். ஜன்னலுக்கு வெளியே 57-க்காக மூன்று வாரம் உழைத்த நான், சுவருக்கு இந்தப் பக்கம் 96 இருப்பதை அவர் கேட்கும்வரை அளக்கவே இல்லை. அண்ணன் திரையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். இருபத்தைந்து வருடம் அவரும் அதே இடத்தில் நின்றவர்தான். டிவியை அவர் வீட்டில் எவ்வளவு சத்தமாக வைப்பார்கள் என்பது சந்துக்கே தெரியும்.

மறுநாள் காது அடைப்பான் ஒரு பெட்டி வாங்கிவந்தார். தறிக்காரர் ஒரு நாள் போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றிவிட்டார். ஊடை அறுந்தால் தறியின் தாளம் மாறும், அதைக் காதில் வாங்கித்தான் கை போகும், அடைத்தால் தெரியவில்லை என்றார். அது சாக்கு அல்ல, அவர் தொழில். குறைவாக அடைக்கும் வேறு வகையைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

இதற்கிடையில் நாடாவை அடிக்கும் இடத்தில் எந்தப் பாகம் அதிகம் சத்தம் போடுகிறது என்று பார்க்க ஆசை வந்திருக்கிறது. அதற்கு டிசி போதாது, வடிகட்டிக்குப் பிறகு வரும், சத்தத்தின் அலையை அப்படியே தரும் ஏசி சிக்னலே வேண்டும். அது ஆப்டோகப்ளர் வழியாக நேராக வராது. பேட்டரியில் ஓடும் ஒரு ரெக்கார்டரில் பதிந்து, பிறகு கணினியில் பிரித்துப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். மீட்டரின் மறுபக்கத்தில் இரண்டாவது துளை போட்டாகிவிட்டது. இந்தத் தடவையும் முதலில் மைக்குக்கு டேப் ஒட்டினேன்.